பெண் தரப்பில் என் மச்சான்

1

என் மனைவி ஸ்டெல்லாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்காக ராயபுரம் போய், ஹாம்பர்க் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. அதற்குள் ஊரில் ஒரு செய்தி பரவியிருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த சேவியரைக் காசிமேட்டில் பஞ்சாயத்தில் நிறுத்தினார்கள், பெற்ற மகளே அவன்மேல் பிராது கொடுத்தாள், தண்டம் போட்டு அனுப்பினார்கள் என்று. எண்ணூரிலிருந்து ஒரு தூரத்து உறவினர் போன் செய்து துக்கம் விசாரித்தார். ஸ்டெல்லாவுக்காக இல்லை, எனக்காக.

நடந்தது பஞ்சாயத்து இல்லை. இணைய வழி மனநல ஆலோசனை. ஆனால் அன்று அந்த அறையில் இருந்தவர்களில் என்னையும் ஆலோசகரையும் தவிர மற்ற எல்லோரும் அதைப் பஞ்சாயத்து என்றே நினைத்தார்கள். கொஞ்ச நேரம் போன பிறகு நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆகவே முழுவதையும் நானே எழுதிவிடுவது நல்லது.

நான் இங்கே துறைமுகத்தில், எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று கணினியில் திட்டமிடும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஸ்டெல்லா ஒரு ரொட்டிக்கடையில் இருந்தாள். சென்ற ஆண்டு ஒரு காலை நேரத்தில், வாடிக்கையாளர் ஒருவருக்கு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது விழுந்தாள். இதயம். மருத்துவமனைக்கு நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. கோட்டிங்கன் என்ற ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

அடக்கம் இங்கேதான். அமைதியாக நடந்தது. அவ்வளவு அமைதியை நான் ராயபுரத்தில் பெரிய வெள்ளிக்கிழமையன்றுகூடப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒரு பாத்திரத்தில் சூப் கொண்டுவந்து, மணி அடிக்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போனார். இங்கே கல்லறை நிலத்தையும் குத்தகைக்குத்தான் தருகிறார்கள். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். இதை ஸ்டெல்லாவின் அண்ணன் மரியதாஸிடம் போனில் சொன்னபோது, அதுவரை அழுதுகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

“இன்னா மாப்ள, செத்தவளுக்கும் வாடகயா? அட்வான்ஸ் எத்தினி மாசம்?”

2

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போனது. அதோடு ஒரு பழக்கமும் வந்தது. ஜெனிக்குப் போன் செய்வது. எழுந்தாயா, சாப்பிட்டாயா, எங்கே இருக்கிறாய், எங்கே போகிறாய், போய்ச் சேர்ந்தாயா. அவள் எடுக்கவில்லை என்றால் மறுபடி. எடுத்துவிட்டால், ஏன் உடனே எடுக்கவில்லை என்று கேட்க மறுபடி.

மருத்துவரிடம் போனேன். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். ஜெர்மன் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இந்தக் கேள்விக்கான பதில். வாய் தானாகச் சொன்னது: “நன்றாக இருக்கிறேன், நன்றி. நீங்கள்?” அவர் தானும் நலம் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். “சரி, எப்படிப் போகிறது?” என்றார். “நன்றாகப் போகிறது, நன்றி. உங்களுக்கு?” என்றேன். அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். “பிறகு ஏன் வந்தீர்கள், திரு. சேவியர்?” அந்தக் கேள்விக்கு வகுப்பில் பதில் சொல்லித்தரவில்லை. அழுதுவிட்டேன்.

மனநல சிகிச்சைக்குப் பரிந்துரைச் சீட்டு கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு ஹாம்பர்க்கில் இருக்கும் ஆலோசகர்களையெல்லாம் அழைத்தேன். எல்லோரிடமும் பதிவு செய்த குரல்தான் பேசியது. கடைசியில் ஒரு நிஜக் குரல் கிடைத்தது. அடுத்த வசந்தகாலத்தில் முதல் சந்திப்புக்கு இடம் இருக்கலாம் என்றது.

“அதற்குள் என் துக்கம் தீர்ந்துவிட்டால்?” என்று கேட்டேன்.

“முன்கூட்டியே ரத்து செய்துவிடுங்கள். அந்த நேரம் இன்னொருவருக்குப் பயன்படும்” என்றார் அந்தப் பெண்மணி, மிகுந்த கனிவோடு.

இதை ஜெனியிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஒரு இணைப்பு அனுப்பினாள். திருச்சியில் இருக்கும் ஒரு ஆலோசகர், இணைய வழியில், தமிழில்.

“நீ தமிழ்லதாம்பா அழுவுற. தமிழ்லயே பேசு.”

ஜெனியின் தமிழைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நான் அவளிடம் நல்ல தமிழ் பேச முயன்றேன். அவள் தன் அம்மாவிடமிருந்து கற்றுக்கொண்டாள். விளைவு, காசிமேட்டுத் தமிழை ஜெர்மன் உச்சரிப்பில் பேசும் ஒரே பெண் இந்த நாட்டில் அவளாகத்தான் இருக்கும்.

3

ஆலோசகர் பெயர் கவிதா. புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். இடையிடையே ஒரு பூனையின் வால் மட்டும் திரையைக் கடந்து போகும். முதல் சில வாரங்கள் எனக்கு அவர்மேல் வருத்தம். ராயபுரத்தில் ஒருவன் தன் கஷ்டத்தைப் பாதி சொல்வதற்குள் எதிரில் இருப்பவர் மூன்று வழி சொல்லிவிடுவார். ஒன்று நவநாள் ஜெபமாக இருக்கும், ஒன்று தெரிந்த வக்கீலாக இருக்கும், ஒன்று வஞ்சிரக் குழம்பாக இருக்கும். கவிதா மேடமோ ஒன்றும் சொல்வதில்லை. “அப்போ உங்களுக்கு எப்படி இருந்தது?” என்பார். நான் கேட்பதற்காக வந்திருக்கிறேன், இவர் என்னையே கேட்கிறார் என்று தோன்றும். ஆனால் பேசி முடித்த அன்று கொஞ்சம் தூங்கினேன். அதையும் மறைக்கக் கூடாது.

கெடுத்தது அந்த நீலப் புள்ளி. ஜெனி தன் போன் எங்கே இருக்கிறது என்று என் போன் வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்படி வைத்துக் கொடுத்திருந்தாள், நான் அழைப்பதைக் குறைப்பேன் என்ற நம்பிக்கையில். நான் புள்ளியையும் பார்த்தேன், போனும் செய்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் அந்தப் புள்ளி ஆற்றின் நடுவில் போய் நின்றது. நகரவில்லை. அவள் போன் எடுக்கவில்லை. அவளுடைய அறைத் தோழிக்கு அழைத்தேன். விடுதிக் காப்பாளருக்கு அழைத்தேன். கடைசியில் காவல்துறைக்கே அழைத்துவிட்டேன். காவல்துறையிலும் முதலில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்களோ என்று பயந்தேன். கேட்கவில்லை.

ஜெனி நண்பர்களோடு பாலத்தின்மேல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு காவலர்கள் வந்து, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று மரியாதையாக விசாரித்திருக்கிறார்கள்.

அன்று மாலை புள்ளி அணைந்தது. பிறகு அவள் அழைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அப்பா, மேடம்கிட்ட ஒரு தபா நானும் வர்றேன். குடும்பத்தோட பேசலாம்னு அவங்க சொன்னாங்கல்ல. அன்னிக்கும் நீ என்ன பேச வுடலன்னா அதோட சரி. போனு, வாட்ஸப் எதுவும் கெடையாது. லிஸ்பன்ல ஒரு வருசம் படிக்க எடம் கெடச்சிகீது. போய்டுவேன். அட்ரசு தர மாட்டேன்.”

அம்மாவின் முதலாண்டுக்கு ஊருக்கும் வரவில்லை என்றாள். அந்தப் பேச்சுக்கு, மேடத்தையும் சேர்த்து எங்கள் மூவருக்கும் ஒத்துவந்த ஒரே நாள், நான் ராயபுரத்தில் இருக்கும் வாரத்தில்தான் கிடைத்தது.

4

மச்சான் வீடு காசிமேட்டில். தெருமுனையில் ஸ்டெல்லாவுக்கு நினைவஞ்சலி பேனர் வைத்திருந்தார்கள். பேனர் கடைக்காரர் அவளை நான்கு மடங்கு சிவப்பாக்கி, அவள் போட்டே அறியாத ஜிமிக்கி ஒன்றையும் மாட்டியிருந்தார். கீழே வருந்துவோர் வரிசையில் ஜெனியின் படமும் இருந்தது. புதிய படம் யாரிடமும் இல்லாததால், முன்பல் விழுந்த ஏழு வயதுப் படம். அந்த வயதுக் குழந்தை வாய் நிறையச் சிரித்தபடி ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தது.

கவிதா மேடத்தின் நிபந்தனை ஒன்றே ஒன்று: யாரும் கேட்காத தனி இடத்தில் இருந்து பேச வேண்டும். ஜெர்மனியில் எனக்குத் தனிமைதான் நோய். காசிமேட்டில் அதைத் தேடி இரண்டு நாள் அலைந்தேன்.

வீட்டுக்குள், உறவுக்காரர்கள் படுத்திருந்த பாய்களுக்கு நடுவே நடக்கவே இடமில்லை. மொட்டை மாடிக்குப் போனால் பக்கத்து மாடியில் புறா வளர்ப்பவர், “தூக்கம் வர்லியா சார்? அந்த வெள்ளப் புறாவ ரெண்டு நிமிசம் பாரு, வரும்” என்றார். கோயிலில் கடைசி பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததுமே இரண்டு பாட்டிமார் என் இருபுறமும் வந்து ஸ்டெல்லாவின் கடைசி நிமிடங்களைச் சொல்லச் சொன்னார்கள். ஒரு ஆட்டோக்காரரிடம், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து ஒரு மணி நேரம் போன் பேசலாமா என்று கேட்டேன்.

“தாராளமா பேசு சார். நா காதுலயே போட்டுக்க மாட்டேன்” என்றார். பிறகு பின்னால் திரும்பி, “இன்னா மேட்டர் சார்?” என்றார்.

வேறு வழியின்றி மச்சானிடம் கேட்டேன். மாடியில் வலை மூட்டைகளும் ஐஸ் பெட்டிகளும் போட்டு வைத்த ஒரு அறை உண்டு.

“எதுக்கு மாப்ள அந்த ரூமு? அங்க ஒரே கலீஜா கீதே.”

“ஜெனியோட பேசணும் மச்சான். எங்க ரெண்டு பேருக்கும் கொஞ்சம் மனஸ்தாபம். நடுவுல ஒரு மேடம் இருப்பாங்க. ரெண்டு பக்கமும் சொல்றதக் கேட்டு ஒரு வழி பண்ணுவாங்க.”

மச்சான் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். “நடுவுல ஆளு வச்சி பேசற அளவுக்குப் பூட்சா? இதெல்லாம் இன்னா மாப்ள, முன்னாடியே சொல்றதில்லியா? சரி வுடு. நா பாத்துக்கறேன்.”

அறையைச் சுத்தம் செய்து தருவார் என்று நினைத்தேன். செய்தார். கூடவே பாயும் விரித்தார்.

5

நான் மடிக்கணினியோடு மாடி ஏறியபோது அறை நிரம்பியிருந்தது. மச்சான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவர் மனைவி பிலோமினா அக்கா, மச்சானோடு கடலுக்குப் போகும் நாலைந்து பேர், எதிர்வீட்டுப் பெண்கள். நடு நாற்காலியில், குப்பத்துப் பஞ்சாயத்துக்குப் பல வருடம் தலைவராக இருந்த சூசை நைனா. டீயும் சமோசாவும் வந்துகொண்டிருந்தன.

“மச்சான், இது தனியா பேச வேண்டியது” என்றேன்.

“ஒனக்கு யாரும் வர்ல மாப்ள, பயப்படாத. இவங்கள்லாம் பொண்ணு தரப்பு.”

“என்னது?”

“ஆத்தாக்காரி இல்ல. பொண்ணு தரப்புக்கு நாயம் பேச யாரு கீறா? தாய்மாமன் நா ஒருத்தன் உயிரோட கீறேன்ல?”

அதற்குள் இணைப்பு கிடைத்துவிட்டது. திரையில் கவிதா மேடம் தோன்றினார். வாயைத் திறந்தவர் மூடவில்லை. பூனையின் வால்கூட நடுவழியில் நின்றது. அடுத்த கட்டத்தில் ஜெனி. ஒரே ஒரு தடவை வருகிறேன் என்று சொன்னவள். அந்த ஒரு தடவையில் நான் ஊரைக் கூட்டி உட்கார வைத்திருக்கிறேன். இப்போது திரை அணையும், லிஸ்பன் போய்விடுவாள் என்று காத்திருந்தேன்.

“மாமா! இன்னா இவ்ளோ பேரு?”

“ஒனக்குத்தான் கண்ணு வந்துகீறோம். கொயந்த எளச்சிட்டா பாரு, பிலோமி.”

கவிதா மேடம் ஒருவழியாகச் சமாளித்துக்கொண்டு, “ஜெனி, இது உங்களோட நேரம். இவங்க இருக்கிறதுல உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்தான். இல்லேன்னா இன்னொரு நாள் வச்சுக்கலாம்” என்றார்.

“இருக்கட்டும் மேடம். தனியா இருந்தா அப்பா என்ன பேசவே வுட மாட்டாரு.”

“அப்படி இல்லம்மா, நான் எப்பவுமே...” என்று ஆரம்பித்தேன்.

சூசை நைனா கையைத் தூக்கினார். “தம்பி. பிராது குடுத்தவங்க பேசறப்போ எதிர் தரப்பு வாயத் தொறக்கக் கூடாது. ஒன் மொற வரும்.”

“நைனா, இது பிராது இல்ல...”

“வாயத் தொறக்கக் கூடாதுன்னேன்.”

வாழ்க்கையில் முதல்முறையாக என் மகள் பேச, நான் குறுக்கிடாமல் கேட்டேன். குறுக்கிடத்தான் பார்த்தேன். மூன்று முறை வாய் திறந்தேன். மூன்று முறையும் என் வாயில் சமோசாவைத் திணிக்காத குறையாக அடக்கினார்கள். கவிதா மேடம் இதைத் தடுக்கவில்லை என்பதைக் கவனித்தேன். சாய்ந்து உட்கார்ந்து, குறிப்பெழுதும் பேனாவையும் மூடிவிட்டார்.

முதலில் ஜெனி ஆற்றுப் பாலத்துக் கதையைச் சொன்னாள். தாய்மாமன் தரப்பு பொங்கி எழுந்தது. “போலீசா? பொண்ணு மேலயா?” கூடவே மச்சான் இன்னொன்றையும் பிடித்துக்கொண்டார். “வூட்ட வுட்டு கெளம்பற பொண்ண எங்க போற எங்க போறன்னு கேட்டுகினே இருப்பியா மாப்ள? கடலுக்குப் போறவன யாராச்சும் அப்டி கேப்பானா? போற காரியம் வெளங்குமா?”

“ஆங், நீ கேக்க மாட்ட” என்றார் பிலோமினா அக்கா. “புள்ள போட்டுல போனா, விடிஞ்சதுல இருந்து வயர்லெஸ்ஸ வச்சிகினு ‘எங்கடா கீற, எங்கடா கீற’ன்னு கத்தறது யாரு? பக்கத்து போட்டுக்காரனுங்கள்லாம் சேனல மாத்திகினு ஓடறானுங்கோ.”

“அது வேற மேட்டரு.”

“இன்னா வேற? அவரு ஜெர்மனில பேஜாரு பண்றாரு. நீ நடுக்கடல்ல பண்ற.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெனியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். சிரிப்பின் மறைவில்தான் அதைச் சொல்ல முடியும் என்று நினைத்தாளோ என்னவோ.

“அம்மா போன அன்னிக்கு நா லைப்ரரில இருந்தேன். போன் சைலண்ட்ல கீது. வெளிய வந்து பாத்தா ஸ்கிரீன் பூரா அப்பா, அப்பா, அப்பா. திருப்பிப் பேசறதுக்கு முன்னாடியே தெரிஞ்சி போச்சி. அதுல இருந்து அப்பா பேரு போன்ல வந்தாலே கை காலு சில்லுன்னு ஆயிடுது. யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சிகினுதான் எடுக்கறேன். எடுத்தா, எங்க கீறன்றாரு.” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஒரு நாளிக்கு எத்தினி தபா மாமா எங்கம்மா சாவறது?”

சூசை நைனா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

எனக்கு இது தெரியாது. ஒவ்வொரு முறையும் அவள் குரலைக் கேட்டதும் என் நெஞ்சு இறங்கி ஓரிடத்தில் உட்காரும். அதற்காகத்தான் அழைத்தேன். அந்த மணி மறுமுனையில் என்ன செய்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

“இப்போ சேவியர் சாரோட முறை” என்றார் கவிதா மேடம். அவர் வாயிலும் ‘முறை’ வந்துவிட்டது. “உங்க பதில் வேண்டாம். ஜெனி சொன்னதுல உங்களுக்கு என்ன கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

அவ்வளவு நேரம் என் வாயை அடக்கிய சூசை நைனாவே, “பேசலாம் தம்பி, இப்போ பேசலாம்” என்று இரண்டு முறை எடுத்துக்கொடுத்தார்.

“நான் போன் பண்ணா அவளுக்கு அந்த நாள் வந்துடுது” என்றேன். “எனக்கு, பண்ணலேன்னா வந்துடுது.”

திரையில் ஜெனி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிலோமினா அக்கா என் முதுகில் கை வைத்தார். கவிதா மேடம் “உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்காமல் விட்ட ஒரே தருணம் அதுதான்.

மௌனம் சூசை நைனாவுக்கு ஒத்துவராது. தொண்டையைச் செருமினார். “ரெண்டு தரப்பும் கேட்டாச்சு. தம்பி இனிமே போன் பண்ணக் கூடாது. பொண்ணுதான் பண்ணணும். மீறி பண்ணா இந்தத் தெருவுக்கே பிரியாணி போடணும்.”

“ஐயா, இங்க நாங்க தீர்ப்பு மாதிரி எதுவும்...” என்றார் கவிதா மேடம்.

“மேடம், அது நல்லாத்தான் கீது” என்றாள் ஜெனி. “வச்சிக்கலாம்.” பிறகு என்னைப் பார்த்தாள். “லிஸ்பன் போறது போறதுதாம்பா. ஆனா கோவிச்சிகினு போவல. நா பண்றேன். நீ பண்ணாத.”

“எப்போ பண்ணுவ?” என்று கேட்டுவிட்டேன்.

“மாப்ளே!” என்று மொத்த அறையும் கத்தியது.

6

மூன்று வாரம். ஜெனி அவ்வப்போது செய்தி அனுப்புகிறாள், ஒரு வரி, ஒரு படம். குரல் இல்லை. நான் போன் செய்யவில்லை. ஆனால் போனைக் குளியலறைக்கும் எடுத்துப் போனேன். அலுவலகத்தில் ஒரு பெட்டியைத் தவறான கப்பலுக்கு அனுப்பத் திட்டமிட்டு, கடைசி நேரத்தில் பிடித்தார்கள். கவிதா மேடத்திடம் வாராவாரம் பேசுகிறேன். பிரியாணி நிலவரம் எப்படி என்று அவரே கேட்கிறார். காசிமேட்டிலும் அதேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

இன்று மதியம் மணி அடித்தது. திரையில் ஜெனியின் பெயர். எனக்குக் கை கால் சில்லென்று ஆனது. அவள் சொன்ன அதே சில்லிப்பு. அப்படியே நின்றேன். கடைசி மணியில்தான் எடுத்தேன்.

“என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவலபா. சொம்மா பண்ணேன்.”

சும்மா. ஸ்டெல்லா போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சும்மா போன் செய்ததில்லை. விடுதியில் துணி துவைக்கும் இயந்திரம் யாருடைய சிவப்புச் சட்டையையோ சேர்த்துத் துவைத்து, இவளுடைய துணியையெல்லாம் இளஞ்சிவப்பாக்கிவிட்டதாம். அதை நீளமாகச் சொன்னாள். நான் உம் கொட்டினேன். பின்னணியில் ரயில் நிலைய அறிவிப்பு ஒன்று ஒலித்தது. எந்த ஊர், எந்த மேடை என்று நான் கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்தி, மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

“ஹானோவர்பா” என்றாள். “வாயால கேக்காம காதத் தீட்டிகினு கீறல்ல?”

“இல்லையே.”

“வண்டி மாத்திகினு வூட்டுக்குத்தான் வர்றேன். ஸ்டேஷன்ல வந்து நிக்காத. நானே வந்துடுவேன்.”

சரி என்றேன். வைத்த பிறகு பார்த்தால் ஒரு காலில் ஷூ மாட்டி, கயிறும் கட்டி முடித்திருக்கிறேன்.

ரயில் தாமதமாம். இந்த நாட்டில் அது புதிதில்லை. இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாக எழுத எனக்கு நேரம் கிடைத்திருக்காது. போன் மேசைமேல், கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. ஒரு காலில் ஷூவோடு உட்கார்ந்திருக்கிறேன். கழற்றவும் இல்லை, மற்றதை மாட்டவும் இல்லை.